குரங்குக் காய்ச்சல்: குற்றவாளி குரங்கு அல்ல

கார்த்திகை பிறந்து, மழை ஓய்ந்து, காட்டில் சருகு காயத் தொடங்கிவிட்டால் கர்நாடகத்தின் மலைநாட்டு மாவட்டங்களில் ஒரு பீதியும் கூடவே தொடங்கிவிடும். எங்காவது குரங்கு செத்துக் கிடக்கிறதா என்று கிராமத்தார் கவனிப்பார்கள். ஒன்று கிடந்துவிட்டால் போதும், "மங்கன காயிலே வந்துவிட்டது" என்று பேச்சுப் பரவும். அதாவது, குரங்குக் காய்ச்சல். 2019ஆம் ஆண்டு சாகர் தாலுகாவில் அரலகோடு என்ற சிற்றூரையும் அதன் அக்கம்பக்கத்தையும் இந்த நோய் ஆட்டிப் படைத்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷிமோகா (இன்றைய சிவமொக்கா), சிக்மகளூர், வட கன்னட மாவட்டங்களில் மறுபடியும் தலைகாட்டி உயிர்களைக் கொண்டுபோயிற்று.

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களில் பலர் இந்தச் செய்தியை எங்கோ காட்டில் நடக்கும் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால், ஷிமோகா மாவட்டத்தில்தான் பத்ராவதி இருக்கிறது. அங்குள்ள இரும்பாலையை நம்பித் தமிழர்கள் குடியேறித் தலைமுறைகள் ஆகின்றன. சிக்மகளூர் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் புத்தூர், சுள்ளியா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். நோய் உலவும் வட்டாரமும், நம்மவர்கள் பிழைக்கப் போன வட்டாரமும் பல இடங்களில் ஒன்றேதான். ஆகவே இந்த நோய் எப்படி வருகிறது, யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்பது அவசியம்.

முதலில் ஒரு விளக்கம். 2022ஆம் ஆண்டு உலகம் முழுவதும் பேசப்பட்ட குரங்கம்மை வேறு, இது வேறு. அதற்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு.

குரங்குக் காய்ச்சல் திடீரென்று வரும். காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் கடும் ஜுரத்துடன் படுத்துவிடுவான். தலை பிளக்கும். இடுப்பும் கெண்டைக்காலும் முறித்துப் போட்டதுபோல் வலிக்கும். கண் சிவக்கும், வாந்தி வரும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். ஒன்று இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் சிலருக்குக் காய்ச்சல் விட்டுப் போய், சில நாள் கழித்து மறுபடி வரும். இரண்டாம் முறை வரும்போது மூளையைத் தாக்கிப் பிதற்றலும் நடுக்கமும் உண்டாகும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள் என்பது டாக்டர்களின் கணக்கு. இதற்கென்று தனி மருந்து கிடையாது. உடலில் நீர் வற்றாமலும் இரத்தக் கசிவு முற்றாமலும் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

கியாசனூர் காட்டில் நடந்தது

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம். அப்போது இது மைசூர் ராஜ்யம். ஷிமோகா மாவட்டம் சொரபா தாலுகாவில் கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் வரிசையாகச் செத்து விழுந்தன. அதே சமயம் காட்டோரக் கிராமங்களில் ஒரு விஷக் காய்ச்சல் மனிதர்களையும் வீழ்த்திக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டே இப்படிக் காய்ச்சல் கண்டதாகக் கிராமத்தார் சொன்னார்கள். அதை டைபாய்டு என்றோ வேறு எதுவோ என்றோ நினைத்து விட்டுவிட்டிருந்தார்கள்.

செய்தி பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிற்று. அந்த நிலையம் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1952ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தேசிய வைராலஜி நிலையம். அப்போது அதன் தலைவராக இருந்தவர் டெல்ஃபோர்டு ஒர்க் என்ற அமெரிக்க டாக்டர். குரங்குகள் சாகின்றன, மனிதர்களும் சாகிறார்கள் என்றதும் அவர்கள் நெஞ்சில் நெருப்புப் பற்றியது. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளைக் கொன்று மனிதனுக்குத் தாவுவது மஞ்சள் காய்ச்சல். இந்தியாவில் அந்த நோய் என்றுமே இருந்ததில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு மட்டும் வீட்டுக்கு வீடு உண்டு. வந்துவிட்டால் லட்சக்கணக்கில் மடிய நேரும்.

நல்ல வேளையாக அது மஞ்சள் காய்ச்சல் அல்ல. செத்த குரங்கிலும், நோயாளியின் இரத்தத்திலும், காட்டில் பிடித்த உண்ணியிலும் ஒரே வைரஸ் கிடைத்தது. அது அதுவரை யாரும் அறியாத வைரஸ். அதன் நெருங்கிய உறவினம் ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் உண்ணியால் பரவும் மூளைக் காய்ச்சல் வைரஸ்கள். சைபீரியா எங்கே, சொரபா தாலுகா எங்கே! வடக்கிலிருந்து பனிக்காலத்தில் இங்கு வந்து போகும் பறவைகள் உண்ணியைச் சுமந்துகொண்டு வந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. சலீம் அலியின் வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, உண்ணி பொறுக்கிப் பார்த்தது. நம் நாட்டில் பறவைகளின் போக்குவரத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். பறவைகள் மீது சாட்டிய குற்றம் நிரூபணம் ஆகவில்லை.

உண்ணியின் மூன்று சாப்பாடு

பிறகு யார்தான் குற்றவாளி? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

இந்த வைரஸின் சொந்த வீடு உண்ணி. மாட்டின் காதில் திராட்சைபோல் ஊதித் தொங்குமே, அந்த இனந்தான். கன்னடத்தில் உணுகு என்பார்கள். காட்டில் உண்ணி வகைகள் பல உண்டு. அவற்றுள் ஒரு வகைதான் இந்த நோயைப் பரப்புவதில் முதலிடம் வகிக்கிறது. அது தன் வாழ்நாளில் மூன்றே முறை சாப்பிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் ஒருமுறை. தோல் உரித்துக் குஞ்சுப் பருவம் அடைந்ததும் ஒருமுறை. முழு உண்ணியானதும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு பிராணியின் மேல் ஏறி, வயிறு முட்ட இரத்தம் குடித்து, கீழே விழுந்துவிடும். அடுத்த சாப்பாட்டுக்கு வேறு பிராணி.

சிறிசாக இருக்கும்போது காட்டெலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை, குரங்கு என்று கிடைத்ததில் ஏறும். காட்டெலிக்கும் மூஞ்சூறுக்கும் இந்த வைரஸால் பெரிய கெடுதல் இல்லை. அவை வாட்டமில்லாமல் வைரஸைச் சுமந்துகொண்டு வளையிலும் புதரிலும் திரியும். ஆண்டுக்கணக்கில் காட்டுக்குள் நோய் அணையாமல் கனன்றுகொண்டிருப்பது இவற்றால்தான். வெளியில் யாருக்கும் தெரியாது.

குரங்கின் கதை வேறு. கருமுக மந்திக்கும் நாட்டுக் குரங்குக்கும் இந்த வைரஸைத் தாங்கும் சக்தி இல்லை. உடம்பில் வைரஸ் பெருகி, இரத்தமெல்லாம் நிறைந்து, சில நாளில் சுருண்டு விழுகின்றன. அப்படி நோயுற்ற குரங்கின் மேல் நூற்றுக்கணக்கான உண்ணிக் குட்டிகள் ஒட்டியிருக்கும். அத்தனையும் வைரஸைக் குடித்துவிட்டுக் கீழே உதிரும். தோல் உரித்துக் குஞ்சுப் பருவம் அடைந்த பிறகும் வைரஸ் அவற்றின் உடம்பிலேயே இருக்கும். குரங்கு விழுந்த மரத்தடி விஷப் புள்ளியாகிவிடுகிறது. எள்ளைவிடச் சிறிய அந்தக் குஞ்சுகள் சருகின் நுனியில், புல்லின் நுனியில் ஏறிக் காத்திருக்கும். மார்கழி முதல் வைகாசி வரை அவற்றின் காலம். மனிதனும் விறகு பொறுக்கவும், சருகு வாரவும், மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போவது அதே மாதங்களில்தான்.

ஆக, குரங்கு நமக்கு நோய் தரவில்லை. நமக்கு முன்னால் அதே உண்ணியிடம் கடிபட்டு, நமக்கு முன்னால் சாகிறது. அவ்வளவுதான். மனிதனிடமிருந்து மனிதனுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நோயாளியின் வீட்டுக்குப் போகாமல் ஒதுக்கிவைப்பது வீண் கொடுமை. (செத்த குரங்கைக் கையால் தொடுவது வேறு விஷயம். 2012ஆம் ஆண்டு இறுதியில் பந்திப்பூர் வனப் பகுதியில், செத்த குரங்குகளைக் கையாண்ட ஊழியர்கள் சிலருக்கு இந்தக் காய்ச்சல் கண்டது.)

இன்னொரு ஆள் இந்தக் கதையில் இருக்கிறார். அவரைப் பெரும்பாலும் யாரும் சந்தேகிப்பதில்லை. அவர் நம் வீட்டு மாடு. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. பாலால் நோய் பரவியதாகவும் சான்று இல்லை. ஆனால் வளர்ந்த உண்ணிக்குப் பெரிய பிராணியின் இரத்தம் வேண்டும். முன்காலத்தில் காட்டெருமையும் மானும் போதாக்குறைக்குக் கொடுத்த விருந்தை, காட்டில் மேயவிடும் மாட்டு மந்தை இப்போது தாராளமாகக் கொடுக்கிறது. இரத்தம் குடித்த பெண் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மாடு பெருகப் பெருக உண்ணி பெருகுகிறது. உண்ணி பெருகப் பெருக, எலி வளைக்குள் அடங்கிக் கிடந்த வைரஸ் குரங்குக்கு ஏறுகிறது.

கோடரி விழுந்த இடம்

இந்தத் தொடர்பை விளக்கியவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜ் பாஷெல். கொலம்பியா நாட்டு விஞ்ஞானி. பூனா நிலையத்தில் பணிபுரிந்தவர். அவர் ஏற்கெனவே தம் நாட்டுக் காடுகளில் ஒரு காட்சியைக் கண்டிருந்தார். மரத்தின் உச்சியிலேயே வாழும் ஒரு வகைக் கொசு, மரம் வெட்டுண்டு சாய்ந்ததும் கீழே வந்து, வெட்டியவர்களைச் சூழ்ந்துகொண்டது. காட்டு மஞ்சள் காய்ச்சல் மரவெட்டிகளுக்கே ஏன் வருகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தக் கண்ணோடு அவர் ஷிமோகாவைப் பார்த்தார். காட்டைத் திருத்தி வயலாக்கியது, ஜனம் பெருகியது, மாடு பெருகியது, காட்டின் விளிம்பில் உண்ணிச் செடி மண்டியது, அந்த விளிம்பில் மனிதனும் மாடும் குரங்கும் எலியும் நெருங்கி உலவியது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, 1969ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். நோய் புதிதாக எங்கிருந்தோ வந்திருக்கத் தேவையில்லை. அடங்கிக் கிடந்ததை மனிதன் கிளறிவிட்டிருக்கலாம். அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

அவர் சொன்னதற்கு ஒரு கொடிய நிரூபணம் பின்னால் கிடைத்தது. தென் கன்னட மாவட்டம் பெல்தங்கடி தாலுகாவில் பட்ரமே என்ற இடத்தில் முந்திரித் தோட்டம் போடுவதற்காக 1982ஆம் ஆண்டு காடு அழிக்கப்பட்டது. அதுவரை அந்த மாவட்டத்தில் இந்தக் காய்ச்சல் பெயரே தெரியாது. காடு வெட்டத் தொடங்கியதை ஒட்டிக் குரங்குகள் செத்தன. வெட்டக் கூலிக்குப் போனவர்கள் விழுந்தார்கள். பிறகு சுற்றுக் கிராமங்கள் விழுந்தன. ஆயிரம் பேருக்கு மேல் நோயுற்றார்கள். திட்டம் தீட்டியவர்களில் யாருக்கும் காய்ச்சல் வந்ததாகத் தெரியவில்லை.

முந்திரி விஷயம் அதோடு முடியவில்லை. 2015ஆம் ஆண்டு கோவாவின் சத்தாரி தாலுகாவிலும், 2016ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் நோய் வெடித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவர்கள் பலர். கேரளத்தில் வயநாட்டில் 2015ஆம் ஆண்டு நூறு பேருக்கு மேல் பீடிக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆதிவாசிகள். தமிழ்நாட்டின் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் 2012ஆம் ஆண்டே இந்த வைரஸ் இருப்பது தெரிந்தது. கியாசனூர் என்ற ஒரே காட்டின் பெயரால் வழங்கும் நோய், இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஐந்து மாநிலங்களுக்குச் சொந்தம்.

முதல் தந்தி

விலங்கின் நோய் மனிதனுக்கு வரும்போது, விலங்கின் சாவுதான் முதல் தந்தி. இதை நம் முன்னோர்கள் விஞ்ஞானம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். 1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் வந்தது. கூரையிலிருந்து எலி விழுந்து செத்தால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொண்டார்கள். எலி செத்ததும் அதன்மேல் இருந்த தெள்ளுப்பூச்சி பசியோடு மனிதனைத் தேடும் என்ற காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அடையாளம் தெரியும். அந்தப் பிளேக்குக்குப் பிறகுதான் காற்றோட்டமான அகன்ற தெருக்களோடு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்தன. பிளேக் அம்மன் கோயில்கள் இன்றும் நகரில் இருக்கின்றன.

தந்தி வந்தும் படிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா உதாரணம். 1998ஆம் ஆண்டு அங்குப் பன்றிப் பண்ணைகளில் பன்றிகள் இருமிச் செத்தன. பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசு மருந்து அடித்தார்கள். அது கொசுவால் வருவது. ஆனால் இங்கு நோயுற்றவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். மாதங்கள் கழிந்த பிறகுதான் அது நிப்பா என்ற புதிய வைரஸ் என்றும், பண்ணையோரப் பழ மரங்களுக்கு வந்த பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்தது என்றும் கண்டுபிடித்தார்கள். அதற்குள் நூறு பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். அதே நிப்பாதான் 2018ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் 17 உயிர்களைக் குடித்தது.

மலைநாட்டில் தந்தி கொடுக்கும் குரங்கை முதலில் பார்ப்பது யார்? டாக்டர் அல்ல, வனத்துறை அதிகாரியும் அல்ல. மாடு மேய்க்கும் பையன், விறகு பொறுக்கும் கிழவி, தோட்டத்தில் களை வெட்டும் கூலி. இவர்கள் சொன்னால்தான் அதிகாரிகள் வந்து, குரங்கின் உடலைச் சோதனைக்கு எடுத்து, எரித்து, சுற்றிலும் பூச்சி மருந்து தூவி, அந்தப் பக்கம் யாரும் போகாமல் தடுக்க முடியும். சொல்லுவதில் கூலியாளுக்கு ஒரு சங்கடம் உண்டு. காட்டுப் பக்கம் போகாதே என்று தடை வந்தால் அன்றைய கூலி போகும். மேஸ்திரிக்குக் கோபம் வரும். "குரங்குதானே செத்தது" என்று பேசாமல் போய்விடுகிறான். பிழைப்பு அப்படி. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? தடை போடும் நாட்களுக்கு அரைக் கூலியாவது கொடுப்போம் என்று அரசு அறிவித்தால், குரங்கு செத்த செய்தி ஒன்று விடாமல் தாலுகா ஆபீசுக்கு வந்து சேரும். உண்ணி மருந்துக்குச் செலவிடும் பணத்தில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்குவது நியாயம் என்பது நம் கருத்து.

தடுப்பூசி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. பெங்களூர் ஹெப்பாளில் உள்ள கால்நடை உயிர் மருந்து நிலையத்தில் தயாராகி, 1990ஆம் ஆண்டை ஒட்டி மலைநாட்டில் போடத் தொடங்கினார்கள். இரண்டு ஊசி, அப்புறம் ஊக்க ஊசி, பிறகும் ஆண்டுதோறும் ஒன்று. வலியோ அதிகம். கூலி வேலையை விட்டுவிட்டு நாலு தடவை யார் வரிசையில் நிற்பார்கள்? போட்டுக்கொண்டவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று ஆய்வுகள் காட்டின. அண்மை ஆண்டுகளில் அந்த ஊசி நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய ஊசி தயாரிக்கும் முயற்சியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இறங்கியிருக்கிறது. ஆண்டுக்கு நாலைந்நூறு பேருக்கு, அதுவும் ஏழைகளுக்கு, வரும் நோய்க்கு மருந்துக் கம்பெனிகள் முண்டியடித்துக்கொண்டு வராததில் ஆச்சரியம் இல்லை.

ஊசி வரும் வரை கையில் இருப்பது தைலமும் துணியும்தான். மலைநாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்ணியை விரட்டும் டீபா தைலம் கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கிக் கைகாலில் தடவிக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, அதை மேஜோட்டுக்குள் சொருகிக்கொள்வது, சருகுமேல் உட்காராமல் இருப்பது, திரும்பி வந்ததும் வெந்நீரில் குளித்துத் துணியை வெந்நீரில் போடுவது ஆகியவை பயன் தரும். காட்டுக்குப் போய் வந்து ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அந்த விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மலேரியா, டெங்கு என்று நினைத்துவிட இடம் உண்டு. முதல் சில நாட்களிலேயே இரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்; ஷிமோகாவிலேயே அதற்கு ஆய்வகம் இருக்கிறது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் இங்கே ஆபத்து. இரத்தக் கசிவு இருக்கும் காய்ச்சலில் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் கசிவை அதிகப்படுத்தும். இன்னொன்று: காய்ச்சலோடு பஸ் ஏறித் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போய்விட்டால் அங்குள்ள டாக்டருக்கு இந்த நோய் நினைவுக்கே வராது.

கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி

ஆபீஸ்களிலும் தோட்டங்களிலும் கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, தொழிலால் வரும் நோய்களின் பட்டியலாக இருந்தது. விலங்குகளையும் விலங்குகளின் சடலங்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய் அதில் இருந்தது. தொற்று அபாயம் குறிப்பாக உள்ள பிற வேலைகள் என்றும் ஒரு வரி இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தப் பட்டியலை ஏற்றிருக்கிறது. நோய் உள்ள காட்டில் சருகு வாரவும் புதர் வெட்டவும் ஆளை அனுப்புவது தொற்று அபாயம் உள்ள வேலை ஆகாதா? ஆகும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

ஆனால் வாதாடக் கையில் காகிதம் வேண்டும். காண்டிராக்டர் மூலம் வந்த கூலிகளின் பெயர் மஸ்டர் ரோலில் ஏறுவதில்லை. ஏறினாலும் எந்தத் தேதியில் எந்தக் காட்டில் வேலை செய்தார் என்பது இருப்பதில்லை. ஆள் செத்த பிறகு "இவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. பெயர், தேதி, வேலை செய்த இடம், காய்ச்சல் கண்டு நின்ற நாள் ஆகிய நாலு விவரம் மஸ்டரில் இருந்து, ஆஸ்பத்திரிச் சோதனைச் சீட்டின் நகல் ஒன்றும் கோப்பில் இருந்தால், நட்டஈட்டு அதிகாரிமுன் அந்தக் குடும்பம் வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.